ஆர்தர் மன்னரும் சிலுவைப்போர் வீரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டனின் கதை அரசர் ஆர்தருடைய அவையைச் சேர்ந்த வட்டமேசை வீரன் ஒருவனை வரையச் சொன்னால் பலரும் வெள்ளை அங்கி, மார்பில் சிவப்புச் சிலுவை, கையில் நீண்ட வாள் என்றுதான் வரைவார்கள். அந்த உடை, ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு நடத்திய சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் துறவி வீரர்களுடையது. ஆர்தர் காலத்துக்கு அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஆர்தர் சிலுவைப்போருக்குப் போனாரா?

இல்லை, போயிருக்கவும் முடியாது. ஆர்தர் என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்திருந்தால் அது கி.பி. 500-ஐ ஒட்டிய காலம். ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, சாக்சன்கள் கிழக்கிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. நபிகள் நாயகம் அப்போது பிறக்கவே இல்லை. போப் இரண்டாம் அர்பன், பிரான்சின் கிளெர்மான் நகரில் முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தது 1095-இல். நடுவே சுமார் 600 ஆண்டுகள்.

அப்புறம் ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள்?

கதை நடக்கும் காலம் வேறு, எழுதப்பட்ட காலம் வேறு என்பதால். வட்டமேசை, மாவீரன் லான்சலாட், அரண்மனை நகர் கேமலாட், வீரர்கள் தேடிப்போகும் புனிதப் பொருளான கிரெயில் என்று நமக்குத் தெரிந்த ஆர்தர் உலகம் ஏறக்குறைய 1136 முதல் 1240 வரை எழுத்தில் உருவானது. பிடித்துவைத்திருந்த ஜெருசலேமை ஆண்டதும், 1187-இல் அதை முஸ்லிம் சுல்தான் சலாதீனிடம் இழந்ததும், மீட்கத் திரும்பத் திரும்பப் படை கிளம்பியதும் அதே நூறாண்டில்தான். கதை எழுதியவர்களுக்குச் சோறு போட்ட பிரபுக்களில் பலர் ஜெருசலேம் பக்கம் போய் வந்தவர்கள். சிலர் போய்த் திரும்பாதவர்கள்.

தொடர்பைத் தேட வேண்டிய இடம் ரகசியக் குகையோ புதையல் அறையோ இல்லை என்பது என் கட்சி. அந்தப் பிரபுக்களின் விருந்துக் கூடத்தில் தேடினால் போதும்.

சிலுவைப்போருக்கு முன்பே ஆர்தர் சிலுவை சுமந்து போரிட்டதாக ஏட்டில் இருக்கிறதாமே?

இருக்கிறது. 829-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'பிரிட்டானியர் வரலாறு' என்ற லத்தீன் நூல் ஆர்தரின் 12 போர்களைப் பட்டியலிடுகிறது. எட்டாவது போரில் அவர் மரியன்னையின் உருவத்தைத் தோளில் சுமந்து சென்றாராம். வேல்ஸ் நாட்டு ஆண்டுக்குறிப்புகளோ, பேடன் போரில் அவர் மூன்று பகல் மூன்று இரவு கிறிஸ்துவின் சிலுவையைத் தோளில் சுமந்தார் என்கின்றன. பழைய வெல்ஷ் மொழியில் தோளுக்கும் கேடயத்துக்கும் உள்ள சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதால், கேடயத்தில் வரைந்திருந்த படம் மொழிபெயர்ப்பில் தோளுக்கு ஏறிவிட்டது என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. மூன்று நாள் தோளில் சிலுவையோடு வாள் வீசுவது சாத்தியமா என்ன!

ஆக, கடவுளின் பெயரால் போரிடும் ஆர்தர் பழைய சரக்கு. 1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி 'பிரிட்டன் அரசர்களின் வரலாறு' எழுதியபோது அதில் புது வாசனை ஏறியது. போருக்கு முன் ஆயர் டுப்ரீசியஸ் குன்றின் மேல் ஏறிப் பேசுகிறார்: சக கிறிஸ்தவர்களுக்காக இந்தப் போரில் சாகிறவனுக்கு அந்தச் சாவே பாவ மன்னிப்பு என்று. ஆறாம் நூற்றாண்டு ஆயர் ஒருவர் பேசும் பேச்சல்ல இது. கிளெர்மானுக்குப் பிறகு ஐரோப்பா எங்கும் பிரசங்க மேடைகளில் கேட்ட பேச்சு. அதே நூலில் ஆர்தர் ரோமின் தலைவன் லூசியஸை எதிர்க்கும்போது, எதிரிப் படையில் சிரியா, எகிப்து, பாபிலோன் மன்னர்கள் வந்து நிற்கிறார்கள். ரோமோடு போர் என்று சொல்லிவிட்டு எதிர் அணியைக் கிழக்கு மன்னர்களால் நிரப்பியிருக்கிறார் ஜெஃப்ரி.

கிரெயில் கதை டெம்ப்ளர்கள் தொடங்கிய ஊரிலேயே பிறந்ததாமே?

பாதி உண்மை. டெம்ப்ளர் அமைப்பு 1119 வாக்கில் ஜெருசலேமில் தொடங்கியது. ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஹியூக் து பாயன் அதன் முதல் தலைவர். ஆனால் திருச்சபை அதை முறையாக ஏற்று, வாழ்க்கை விதிகளை வகுத்துக் கொடுத்தது 1129 ஜனவரியில், ஷாம்பெயினின் துருவா நகரில் கூடிய சபையில். கிரெயிலை முதலில் கதைக்குள் கொண்டுவந்தவர் பெயர் கிரெத்தியன் து துருவா, அதாவது துருவா ஊர்க்காரர். இந்த ஒற்றுமையைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே 50 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அவர் கதையில் டெம்ப்ளர் என்ற சொல்கூட இல்லை.

அவருக்குப் படியளந்தவர்களைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். லான்சலாட் கதையை எழுதச் சொன்னவர் ஷாம்பெயின் பிரபுவின் மனைவி மரி. அவர் கணவர் ஹென்றி 1147-இல் இரண்டாம் சிலுவைப்போருக்குப் போனவர். 1179-இல் மறுபடி புனித பூமிக்குப் போய், திரும்பும் வழியில் துருக்கியரிடம் சிறைப்பட்டு, பைசாந்தியப் பேரரசர் பணம் கட்டி மீட்க, 1181-இல் ஊர் வந்து சேர்ந்த கையோடு இறந்துபோனார்.

கிரெத்தியன் அடுத்துப் போய்ச் சேர்ந்தது ஃபிளாண்டர்ஸ் பிரபு பிலிப்பிடம். கிரெயில் கதையான 'பெர்சிவால்' இவருக்காக எழுதப்பட்டது. பிலிப்பின் அப்பா தியரி நான்கு முறை புனித பூமிக்குப் போனவர். பிலிப் 1177-இல் ஒருமுறை போய் வந்தார். 1187-இல் ஜெருசலேம் கைவிட்டுப் போனதும் மூன்றாம் சிலுவைப்போரில் மறுபடி கிளம்பி, 1191 ஜூனில் அக்கோ துறைமுக முற்றுகையின்போது உயிர்விட்டார். கதையும் பாதியில் நிற்கிறது. கிரெத்தியன் இறந்துவிட்டார், அதனால்தான் நின்றது என்று பின்னால் அதைத் தொடர்ந்து எழுதிய ஒருவர் குறிப்பிடுகிறார்.

சரி, இப்படிப்பட்டவருக்கு எழுதிய கதையில் சிலுவைப்போர் வருகிறதா? வரவில்லை! பெர்சிவால் எந்த ஜெருசலேமுக்கும் போவதில்லை. நோயாளி மன்னன் ஒருவனுடைய கோட்டையில் ரத்தம் சொட்டும் ஈட்டியையும், ஒரு பெண் ஏந்திவரும் பாத்திரத்தையும் பார்க்கிறான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்து காரியத்தைக் கெடுக்கிறான். பல ஆண்டுகள் கழித்து ஒரு புனித வெள்ளியன்று பாவமன்னிப்புக் கேட்டு அழுகிறான். இரண்டு முறை கிழக்கே போன ஒரு பிரபுவின் கூடத்தில், போரைப் பற்றி வாய் திறக்காமல் மனத்துயரைப் பற்றிப் பேசும் கதை. எனக்கு இந்த மௌனம்தான் மற்ற எந்த 'ஆதாரத்தையும்'விடச் சுவையாக இருக்கிறது.

கிரெயில் என்றால் இயேசுவின் கிண்ணம்தானே?

முதலில் இல்லை. கிரெத்தியன் காலத்துப் பிரெஞ்சில் 'கிரால்' என்றால் விருந்தில் உணவு பரிமாறும் அகன்ற தட்டு. அவர் கதையில் அதில் இருப்பது ஒரே ஒரு நற்கருணை அப்பம். அதை இயேசுவின் கடைசி இராவுணவுப் பாத்திரமாகவும், சிலுவையில் வழிந்த ரத்தத்தை, அவரை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு ஏந்திய கலமாகவும் மாற்றியவர் ராபர் து போரோன், 1200-ஐ ஒட்டி. அவர் தன் புரவலராகச் சொல்லும் கோத்தியே து மோன்பெலியார் நான்காம் சிலுவைப்போர்க் காலத்தில் கிழக்கே கிளம்பிப் போனவர். பிறகு சைப்ரஸ் தீவில் இளவயது மன்னனுக்காக ஆட்சிப் பொறுப்பைப் பார்த்து, 1212-இல் இறந்தார்.

அந்த நான்காம் சிலுவைப்போர் ஜெருசலேமை எட்டவே இல்லை. 1204-இல் சக கிறிஸ்தவ நகரான கான்ஸ்டான்டினோப்பிளைக் கொள்ளையடித்ததில் முடிந்தது. அங்கிருந்து புனிதப் பொருட்கள் மேற்கே வந்து குவிந்தன. அதற்கு முன்பே, 1101-இல் செசரியா நகரைச் சூறையாடிய ஜெனோவாக்காரர்கள் ஒரு பச்சை நிறப் பாத்திரத்தை மரகதம் என்று நம்பித் தூக்கிவந்தார்கள். இன்றும் ஜெனோவாவில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அதையே கிரெயில் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குப் போய் உடைந்து திரும்பியது. மரகதம் இல்லை, வெறும் கண்ணாடி.

டெம்ப்ளர்கள் கிரெயிலின் காவலர்களா?

ஒரு கவிதையில் மட்டும், அதுவும் கிட்டத்தட்ட. 1200-களின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் ஜெர்மன் மொழியில் எழுதிய 'பார்சிவால்' காவியத்தில் கிரெயிலைக் காப்பவர்களின் பெயர் 'டெம்ப்ளைசன்'. டெம்ப்ளர்களை நினைவூட்டவே அந்தப் பெயர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவர்களின் சின்னம் சிவப்புச் சிலுவை இல்லை, காட்டுப்புறா. இவர்கள் காப்பது கிண்ணமும் இல்லை, ஒரு கல். கிரெயிலை ஏந்தி வருவது ஒரு பெண். அந்தக் கோட்டையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். டெம்ப்ளர் விதிகளோ தாயையும் சகோதரியையும்கூட முத்தமிடக் கூடாது என்று சொன்னவை.

1307 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் டெம்ப்ளர்களைக் கூண்டோடு கைது செய்து சுமத்திய குற்றச்சாட்டுகளில் சிலுவையில் துப்பியது முதல் தலை வடிவச் சிலையை வணங்கியது வரை எல்லாம் உண்டு. கிரெயில் மட்டும் இல்லை. டெம்ப்ளர்களையும் கிரெயிலையும் முடிச்சுப் போட்டது 19-ஆம் நூற்றாண்டு. 1818-இல் ஆஸ்திரிய அறிஞர் ஹாமர்-புர்க்ஸ்டால் எழுதிய நூல் அந்தப் பாதையைத் திறந்துவிட்டது. இன்று இணையத்தில் உலவும் 'டெம்ப்ளர் ரகசியம்' பலவற்றின் வயது 200-தான்.

கலஹாட்டின் கேடயத்தில் சிவப்புச் சிலுவை இருக்கிறதே?

இது கனமான கேள்வி. 1225 வாக்கில் எழுதப்பட்ட பிரெஞ்சு உரைநடைக் கதையான 'புனித கிரெயில் தேடல்' கதையின் நாயகன் லான்சலாட்டின் மகன் கலஹாட். அவன் கேடயம் பனிபோல் வெள்ளை, நடுவே ரத்தத்தால் வரைந்த சிலுவை. டெம்ப்ளர்கள் வெள்ளை அங்கி அணிந்தார்கள். அதில் சிவப்புச் சிலுவை 1147-இல் போப் மூன்றாம் யூஜீனியஸ் காலத்தில் சேர்ந்தது என்பார்கள். அந்தக் காலத்து வாசகனுக்கு இந்த நிறச்சேர்க்கை எதை நினைவூட்டியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது டெம்ப்ளர்களைவிட சிஸ்டெர்சியன் துறவிகள்தான். அவர்களும் வெள்ளை உடைக்காரர்கள். கதையில் எங்கு திரும்பினாலும் வெள்ளை உடைத் துறவி ஒருவர் வந்து கனவுக்குப் பொருள் சொல்கிறார். டெம்ப்ளர்களுக்காகப் பரிந்து எழுதிய கிளேர்வோ மடத்து பெர்னார்டு அந்தத் துறவிகளின் பெருந்தலை. 'புதிய வீரத்தின் புகழ்' என்ற தன் கடிதத்தில் பட்டும் பொன்னும் நீண்ட கூந்தலுமாகத் திரியும் உலகியல் வீரர்களைக் கிழிகிழியென்று கிழித்து, எளிமையும் கற்பும் உள்ள துறவி வீரனைப் புகழ்ந்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து இந்தக் கதை லான்சலாட்டையும் கவெய்னையும் அதே தராசில் நிறுத்துகிறது. மாபெரும் வீரர்கள் இருவரும் கிரெயிலை அடைய முடியாமல் தோற்கிறார்கள். கன்னிமை காத்த கலஹாட் வெல்கிறான். டெம்ப்ளர்களிடமிருந்து கதைக்குள் வந்தது பொருள் எதுவும் இல்லை, இந்த எண்ணம்தான். இருப்பதிலேயே உறுதியான தொடர்பு இது என்பேன்.

கலஹாட் கடைசியில் கப்பலேறிக் கிழக்கே சரஸ் என்ற நகருக்குப் போகிறான். 'சராசென்' என்று முஸ்லிம்களைக் குறித்த சொல் இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்று கதை கற்பனை செய்கிறது. அங்கே கிரெயிலைத் தரிசித்து இறக்கிறான். வானிலிருந்து ஒரு கை வந்து கிரெயிலை எடுத்துக்கொள்கிறது. நகரைப் பிடிக்கும் போர் எதுவும் இல்லை. எதிர்மாறாக, 'பெர்லெஸ்வோஸ்' என்ற இன்னொரு கிரெயில் கதை முழுக்க வாள்தான்: புதிய வேதத்தை ஏற்காதவன் தலை போகும். அதன் பிரதி ஒன்று ஜான் து நெஸ்லுக்காக எழுதப்பட்டதாக ஏட்டுக் குறிப்பு சொல்கிறது. நான்காம் சிலுவைப்போரில் ஃபிளாண்டர்ஸ் கப்பற்படையை நடத்திப்போனவர் அவர்.

துறவிகள் ஆர்தரை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கை: ஹைஸ்டர்பாக் மடத்து சிசேரியஸ் எழுதி வைத்தது. மடாதிபதி பிரசங்கம் செய்கிறார்; பாதிப் பேர் தூங்கிவிழுகிறார்கள், சிலர் குறட்டை. சட்டென்று, "ஆர்தர் என்று ஒரு அரசர் இருந்தார்" என்றாராம். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடவுளைப் பற்றிச் சொன்னால் தூக்கம், ஆர்தர் என்றால் விழிப்பா என்று கேட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாராம்.

இந்தக் கதைகளில் முஸ்லிம்கள் எப்படி வருகிறார்கள்?

நாம் எதிர்பார்ப்பதைவிட நன்றாக. பலமிடிஸ் என்ற சராசென் வீரன் வட்டமேசையிலேயே இடம்பிடிக்கிறான். கதையின் பெரும்பகுதிக்கு ஞானஸ்நானம் பெறாமலே மதிப்போடு வலம் வருகிறான். வோல்ஃப்ராமின் காவியத்தில் நாயகனின் அப்பா பாக்தாத் ஆட்சியாளரிடம் சம்பளத்துக்குப் போரிடுகிறார். கறுப்பின அரசி ஒருத்தியை மணக்கிறார். அவர்கள் மகன் ஃபெய்ரஃபீஸ் உடல் முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாக, எழுதிய காகிதம் போல இருப்பானாம். அவனும் பார்சிவாலும் யாரென்று தெரியாமல் மோதி, அண்ணன் தம்பி என்று தெரிந்து கட்டிக்கொள்கிறார்கள். இறுதியில் ஃபெய்ரஃபீஸ் கிறிஸ்தவனாகி, கிரெயிலை ஏந்தியவளையே மணந்து, இந்தியாவுக்குப் போகிறான். அவர்களுக்குப் பிறக்கும் மகன்தான் பிரெஸ்டர் ஜான்.

பிரெஸ்டர் ஜான் என்பது சிலுவைப்போர் வீரர்கள் நம்பிக் காத்திருந்த கற்பனை அரசர். கிழக்கிலிருந்து பெரும்படையோடு வந்து உதவுவார் என்று நினைத்தார்கள். 1165 வாக்கில் அவர் பெயரில் ஒரு போலிக் கடிதம் ஐரோப்பாவில் சுற்றியது. தன் நாடு மூன்று இந்தியாக்கள் என்றும், அதில் கடைக்கோடி இந்தியாவில் அப்போஸ்தலர் தோமாவின் உடல் இருக்கிறது என்றும் அது பெருமையடிக்கிறது. தோமாவின் கல்லறை என்று மரபு காட்டும் இடம் மயிலாப்பூர். கிரெயில் கதையின் ஒரு நூலிழை இவ்வளவு தூரம் நீள்கிறது.

உண்மையான சிலுவைப்போர் வீரர்கள் ஆர்தர் கதையில் ஆர்வம் காட்டினார்களா?

பைத்தியமாக இருந்தார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு மூன்றாம் சிலுவைப்போருக்குப் போகும் வழியில் சிசிலியில் தங்கினார். 1191-இல் அந்த நாட்டு மன்னர் டான்கிரெட் அவருக்கு 4 பெரிய கப்பல்களும் 15 துடுப்புக் கப்பல்களும் தர, பதிலுக்கு ரிச்சர்டு கொடுத்தது ஒரு வாள்: ஆர்தரின் 'கலிபர்ன்', நாம் எக்ஸ்காலிபர் என்பது. அதே காலத்தில்தான் கிளாஸ்டன்பரி மடத்தில் ஆர்தரின் கல்லறையைத் தோண்டி எடுத்துவிட்டதாகத் துறவிகள் அறிவித்தார்கள். 1184 தீவிபத்தில் மடம் எரிந்திருந்தது, கட்டப் பணம் வேண்டும். ரிச்சர்டு அப்போது தன் வாரிசாக அறிவித்திருந்த தம்பி மகன் பெயரும் ஆர்தர். எல்லாம் ஒன்றுகூடி வந்த நேரம்!

1223-இல் சைப்ரஸில், பெய்ரூட் பிரபு ஜான் இபெலின் தன் மகன்களுக்கு நைட் பட்டம் சூட்டிய விழாவில், வந்தவர்கள் வட்டமேசைச் சாகசங்களை நடித்து விளையாடினார்கள் என்று நொவாராவின் பிலிப் எழுதுகிறார். இப்படி ஆர்தர் வேடம் கட்டிய விழாக்களில் எழுத்தில் பதிவான மிகப் பழையது இதுதான். இங்கிலாந்திலோ பிரான்சிலோ இல்லை, சிலுவைப்போர் மண்ணில்!

1286-இல் சைப்ரஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி, ஜெருசலேம் மன்னராகவும் முடிசூடினார். ஜெருசலேம் கையில் இல்லை, பட்டம் மட்டும் இருந்தது. அக்கோவில் 15 நாள் கொண்டாட்டம். வீரர்கள் லான்சலாட், டிரிஸ்டன், பலமிடிஸ் வேடமிட்டார்கள். பெண் உடையில் ஈட்டிப் போட்டி நடத்தினார்கள். கன்னியர், துறவியர் வேடத்திலும் மோதிக்கொண்டார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1291 மே 18 அன்று, அக்கோ எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானிடம் வீழ்ந்தது.

ஆர்தர் கதை எழுதியவர்தான் மார்கோ போலோவின் நூலையும் எழுதினார் என்பது உண்மையா?

உண்மைதான். பீசா நகரத்து ருஸ்திகெல்லோ ஒரு ஆர்தர் கதைத் தொகுப்பு எழுதினார். இங்கிலாந்தின் எட்வர்டு கடல் கடந்து புனித பூமிக்குப் போன காலத்தில் வைத்திருந்த புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று அதில் சொல்கிறார். எட்வர்டு சிலுவைப்போருக்குக் கிளம்பியது 1270-இல். பிற்காலத்தில் ருஸ்திகெல்லோ ஜெனோவாச் சிறையில் மாட்டிக்கொண்டபோது உடன் இருந்த கைதி மார்கோ போலோ. 1298-இல் போலோ சொல்லச் சொல்ல இவர் எழுதினார். தன் ஆர்தர் தொகுப்பின் தொடக்க வரிகளையே சற்று மாற்றி, பேரரசர்களே, அரசர்களே, பிரபுக்களே என்று போலோவின் நூலுக்கும் போட்டுக்கொண்டார்.

மாபார் நாட்டு முத்துக்குளிப்பு, காயல் துறைமுகம், தோமாவின் கல்லறை என்று தமிழ்க் கரையைப் பற்றி அந்த நூலில் நாம் படிப்பதெல்லாம் லான்சலாட்டையும் டிரிஸ்டனையும் எழுதிப் பழகிய கையால் எழுதப்பட்டவை.

லோஹென்கிரினுக்கும் ஜெருசலேமை ஆண்ட காட்ஃப்ரிக்கும் என்ன உறவு?

இருவருக்கும் அன்னம் பொது. 1099-இல் ஜெருசலேமைப் பிடித்து அதன் முதல் ஆட்சியாளரான காட்ஃப்ரி, அன்னம் இழுத்த படகில் வந்த வீரனின் வம்சம் என்று சிலுவைப்போர்ப் பாடல்கள் பாடின. வோல்ஃப்ராம் அதே அன்ன வீரனைப் பார்சிவாலின் மகன் லோஹென்கிரின் ஆக்கிவிட்டார். டயர் நகரத்து வரலாற்றாசிரியர் வில்லியம் மட்டும் அன்னக் கதையை வெறும் கதை என்று ஒதுக்கினார்.

கடைசியில் வட்டமேசை வீரர் யாராவது ஜெருசலேம் போனார்களா?

நான்கு பேர் போனார்கள். தாமஸ் மாலரி 1470-ஐ ஒட்டி எழுதி முடித்து, 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட ஆங்கில நூலின் இறுதியில் இது வருகிறது. ஆர்தர் போய்விட்டார், லான்சலாட்டும் இறந்தாயிற்று. போர்ஸ், எக்டர், பிளமூர், பிளியோபெரிஸ் நால்வரும் நாட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் புனித பூமிக்குக் கிளம்புகிறார்கள். சாகும் முன் லான்சலாட் அப்படிச் சொல்லிவைத்தாராம். பிரெஞ்சுப் புத்தகம் சொல்கிறது என்று மாலரி அடித்துச் சொல்கிறார்; ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் பிரெஞ்சுக் கதையில் போர்ஸ் துறவியாகி ஊரிலேயே இருந்துவிடுகிறார். அக்கோ வீழ்ந்தே அப்போது ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலரியின் நால்வர் அங்கே துருக்கியரோடு பல போர்கள் புரிந்து, ஒரு புனித வெள்ளியன்று இறந்தார்கள்.